கழுத்து திரும்பாத கோல்ஃப் கிளப்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

போன இதழில் இந்தப் பகுதியின் கடைசியில் நான்கே வரி எழுதியிருந்தேன். பெரிய கோல்ஃப் கம்பெனிகள் தங்கள் விலையுயர்ந்த கிளப்புகளுக்கு, அதாவது பந்தடிக்கும் மட்டைகளுக்கு, பக்கத்திலேயே, கழுத்தைத் திருக முடியாதபடி ஷாஃப்டை (தண்டை) ஒட்டியே கொடுக்கும் மலிவு வரிசை ஒன்றையும் வைக்கிறார்கள். அதைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம், தாராளமாக வாங்கலாம் என்று. அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்கள் இப்போது என் பட்டறை மேசையில், எபாக்சிப் பசை டப்பாவுக்கும் பழைய கைப்பிடி கிரிப் துண்டுகளுக்கும் நடுவே கிடக்கின்றன. சிலர் பாராட்டியிருக்கிறார்கள். மற்றவர்கள் என்னைக் கம்பெனி ஏஜென்ட் ஆக்கிவிட்டார்கள். முப்பது வருடமாக அடுத்தவர் கிளப்பைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கும் ஆள் நான். எனக்கு யாரும் கமிஷன் கொடுத்ததில்லை. கொடுத்திருந்தால் மேசை விளக்காவது மாற்றியிருப்பேன்.

சரி, கடிதங்களுக்கு வருவோம். ஹோசல் என்ற பாகத்தைக் கழுத்து என்றே சொல்கிறேன். பந்தை அடிக்கும் தலைக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் இருப்பதை வேறு எப்படிச் சொல்வது? டிரைவர் என்பது பந்தை அதிகத் தூரம் அனுப்பும் பெரிய தலைக் கிளப். முகம் என்பது தலையில் பந்து படும் பக்கம், அது பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்தான் லாஃப்ட்.

கேள்வி: இருபது வருடமாக ஆடுகிறேன். ஒட்டிய டிரைவரையெல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட்டாயிற்று. அதையே தூசி தட்டிப் புதுப் பெயின்ட் அடித்து 'பட்ஜெட்' என்று விற்கிறார்கள். நீங்களும் கூடச் சேர்ந்து தாளம் போடுகிறீர்களே?
– கோபமாக ஒரு மூத்த ஆட்டக்காரர்

பதில்: கோபம் புரிகிறது. ஆனால் பரணில் போட்ட கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். ஆட்டத்தின் விதிகளே 2008 ஜனவரிக்கு முன்னால் டிரைவரின் கழுத்தைத் திருக இடம் தரவில்லை. எடையை மட்டும் மாற்றலாம். 2004இல் டெய்லர்மேட் ஆர்7 குவாட் நான்கு எடைத் திருகுகளோடு வந்தபோது என்னிடம் வந்தவர்கள் அதைக் கைக்கடிகாரம் மாதிரி தடவித் தடவிப் பார்த்தார்கள். விதி தளர்ந்த பிறகு, 2009இல் அதே கம்பெனியின் ஆர்9இல் கழுத்தும் திரும்ப ஆரம்பித்தது. அடுத்த மூன்று நான்கு வருடத்தில் எல்லோரும் அந்த வழிக்கு வந்துவிட்டார்கள். அதற்கு முன்னால் உலகத்தில் அடிக்கப்பட்ட நல்ல டிரைவ்கள் அத்தனையும் ஒட்டிய கழுத்திலிருந்து போனவைதான்.

இன்னொன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கிரிப் மாற்ற என்னிடம் வரும் டிரைவர்களை வைஸில் மாட்டும் முன் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பது என் பழக்கம். அடிப்பகுதியில் அந்தத் திருகின் குழி இருக்கும். அதில் மண், காய்ந்த புல், சில சமயம் பந்தை நிறுத்தும் டீ ஆணியின் உடைந்த மரத்துணுக்கு, எல்லாம் சேர்ந்து சிமென்ட் மாதிரி இறுகியிருக்கும். குண்டூசியால் குத்தித்தான் எடுக்க வேண்டும். எடுத்துப் பார்த்தால் கழுத்துக் குறி தொழிற்சாலையில் வைத்த அதே இடத்தில் நிற்கும். "திருகிப் பார்த்தீர்களா?" என்று கேட்டால், "வாங்கின அன்னைக்கு ஒரு தடவை" என்பார்கள். அந்த ஒரு தடவையும் கடைக்காரர் திருகியதாகத்தான் இருக்கும். உங்கள் டிரைவரின் குழியையும் இன்று ராத்திரி ஒரு தரம் பாருங்கள். சுத்தமாக இருந்தால் எனக்குத் திட்டி இன்னொரு கடிதம் எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

கேள்வி: கழுத்தைத் திருகினால் உள்ளே என்னதான் நடக்கிறது? கடையில் கேட்டால் "லாஃப்ட் ஏறும், இறங்கும்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள்.
– புதிதாக ஆட ஆரம்பித்தவர்

பதில்: நல்ல கேள்வி. இதைக் கேட்காமல் வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

வீட்டில் அழிப்பான் இருந்தால் எடுங்கள். அதில் பென்சிலைக் கொஞ்சம் சாய்வாகச் சொருகுங்கள். இப்போது அழிப்பானை மேசையில் வைத்தபடியே மெதுவாகச் சுழற்றுங்கள். பென்சிலின் மேல் நுனி காற்றில் ஒரு வட்டம் போடும், இல்லையா? திருகும் கழுத்து அவ்வளவுதான். ஷாஃப்டின் முனையில் ஒரு சின்ன உறை ஒட்டியிருக்கும். அந்த உறையின் துளை நேராக இல்லாமல் துளி சாய்ந்திருக்கும். உறையை எந்தப் பக்கம் திருப்பி மாட்டுகிறோமோ, அந்தப் பக்கம் ஷாஃப்ட் சாய்ந்து தலைக்குள் இறங்கும். அடிப்பகுதியிலிருந்து ஒரு திருகு உறையைப் பிடித்துக்கொள்ளும்.

இங்கே கவனிக்க வேண்டியது, தலை மாறவே இல்லை. அது பிடிக்கப்படும் கோணம்தான் மாறுகிறது. அதனால் லாஃப்ட் மட்டும் தனியாக ஏறாது. லாஃப்டை ஏற்றினால், கிளப்பைத் தரையில் அதன் போக்கில் வைக்கும்போது முகம் மூடிக்கொள்ளும், அதாவது வலதுகைக்காரருக்கு இடப்பக்கம் பார்க்கும். இறக்கினால் முகம் திறந்துகொள்ளும். ஒன்று வந்தால் கூடவே மற்றதும் வரும்.

இது தெரியாமல் நடக்கும் கூத்தைச் சொல்கிறேன். ஸ்லைஸ் அடிக்கிற ஒருவர், பந்து வலப்பக்கம் வளைந்து போய்க்கொண்டே இருக்கிறது. பந்து உயரமாகவும் போகிறது, தூரம் வரவில்லை. உடனே அவர் லாஃப்டை ஒன்றரை டிகிரி இறக்குகிறார். முகம் திறக்கிறது. லாஃப்ட் குறைந்ததால் பந்தின் பக்கவாட்டுச் சுழற்சி இன்னும் தெளிவாக வெளியே தெரிகிறது. ஸ்லைஸ் போன வாரம் ஓரத்துப் புதரில் விழுந்தது, இந்த வாரம் வேலியைத் தாண்டுகிறது. அவர் என்னிடம் வந்து, "இந்த கிளப்பே சரியில்லை" என்கிறார். நான் குறியை எதிர்ப்பக்கம் திருப்பிக் கொடுத்தேன். வேலிக்கு உள்ளேயே விழுந்தது. அவ்வளவுதான் என்னால் முடிந்தது. மீதி அவருடைய இடுப்பும் தோளும் செய்ய வேண்டியது.

திருக முடியாத மலிவு டிரைவர்களில் பலவற்றை, இவரைப் போன்றவர்களை நினைத்தே முகம் கொஞ்சம் மூடியும், எடை குதிகால் பக்கம், அதாவது தலையில் கழுத்தை ஒட்டிய பக்கம், சாய்ந்தும் இருக்கும்படி செய்துவிடுகிறார்கள். அவருக்கு வேண்டியதை அவர் கை வைக்காமலே கொடுத்துவிடுகிறார்கள் என்று சொல்லலாம்.

கேள்வி: மலிவு டிரைவரில் தூரம் குறையுமா, குறையாதா? ஒரே வார்த்தையில் சொல்லவும்.

பதில்: குறையாது. ஆனால் ஒரே வார்த்தையில் விடக் கூடாது.

முகம் பந்தை எவ்வளவு துள்ளவிடலாம், தலை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் (460 கன சென்டிமீட்டர்) என்பதற்கெல்லாம் விதியில் வரம்பு உண்டு. திருகு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே வரம்புதான். பெயருள்ள கம்பெனியின் மலிவு டிரைவரும் அந்த வரம்புக்குப் பக்கத்தில்தான் நிற்கும். பார்க்க வேண்டியது உலோகத்தை. டைட்டானியம் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 4.5 கிராம், எஃகு சுமார் 7.8 கிராம். டிரைவர் தலையின் மொத்த எடை ஏறக்குறைய 200 கிராம்தான் என்பதால், எஃகில் பெரிய தலை செய்தால் நல்ல இடத்தில் எடை வைக்க மிச்சம் இருக்காது. ஆகவே திருகு இல்லாததற்காக ஒதுக்காதீர்கள். டைட்டானியம் முகம் இல்லாவிட்டால் யோசியுங்கள். டிரைவருக்கு அடுத்த கிளப்பான ஃபேர்வே வுட்டுக்கு இந்தக் கவலை இல்லை, அதன் தலை சின்னது, எஃகே போதும்.

திருகும் உறையும் போனதில் மிச்சமாகும் சில கிராமைக் கீழே, பின்னால் வைக்க முடியும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசத்தை உங்கள் கை கண்டுபிடித்துவிடும் என்று நம்பினால் நீங்கள் என்னைவிடப் பெரிய ஆட்டக்காரர்.

கேள்வி: நான் இடதுகை. மலிவு வரிசையில் வலதுகைக்காரர்களுக்கு மூன்று லாஃப்ட் வைத்திருக்கிறார்கள், எங்களுக்கு ஒன்றுதான். பிடித்தால் எடு, இல்லாவிட்டால் போ. இதுதான் உங்கள் சிபாரிசா?

பதில்: நீங்கள் கேட்பது நியாயம். போன இதழில் நான் இதை யோசிக்கவே இல்லை.

திருகும் கழுத்தால் ஆடுகிறவருக்கு எவ்வளவு லாபமோ, அதே அளவு கடைக்காரருக்கும் உண்டு. நான்கு லாஃப்டில் நான்கு தலை அடுக்குவதற்குப் பதில் இரண்டு தலை வைத்தால் போதும். நடுவில் இருப்பதைத் திருகிக் கொடுத்துவிடலாம். அந்த வசதி போனால் முதலில் அடி விழுவது, எப்போதும் குறைவாகவே அடுக்கப்படும் இடதுகை அலமாரியில்தான். அந்த ஒரே லாஃப்ட் உங்களுக்குப் பொருந்தினால் எடுங்கள். பொருந்தாவிட்டால், இரண்டு மூன்று வருடம் பழைய, திருகும் டிரைவர் ஒன்றை இரண்டாம் கையாகத் தேடுங்கள்.

ஆறுதலுக்கு ஒன்று: 2012 மாஸ்டர்ஸ் போட்டியை வென்ற பப்பா வாட்சன் இடதுகைக்காரர். அப்போது அவர் பையில் இருந்த இளஞ்சிவப்பு டிரைவர் பிங் ஜி20. அதன் கழுத்து திரும்பாது. சமநிலையை முறிக்கும் ப்ளே-ஆஃபில், 10ஆவது குழியில், மரங்களுக்குள்ளிருந்து, லாஃப்ட் அதிகமான வெட்ஜ் என்ற கிளப்பால் பந்தை வளைத்து, குழி இருக்கும் கிரீனுக்கு அனுப்பினாரே, அந்த ஷாட்டைத்தான் எல்லோரும் இன்றும் பேசுகிறார்கள். வெட்ஜின் கழுத்தில் பொதுவாகத் திருகு இருப்பதில்லை.

கேள்வி: என் கணவரும் நானும் ஒன்றாகப் போனோம். மலிவு வரிசையில் அவருக்கு மூன்று விதமான ஷாஃப்டை எடுத்துக் காட்டினார்கள். என்னிடம் "லேடீஸ் செட் அங்கே இருக்கு மேடம்" என்றார் ஒரு பையன். நான் அவரைவிட இருபது கெஜம் தள்ளி அடிப்பேன். இதற்கு என்ன செய்வது?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: அடுத்த முறை முதலில் நீங்கள் நான்கு பந்து அடியுங்கள், அப்புறம் அந்தப் பையன் பேசட்டும்.

ஷாஃப்டுக்கு ஆண் பெண் தெரியாது. அதில் எழுதியிருக்கும் எல், ஏ, ஆர், எஸ் என்பதெல்லாம் எவ்வளவு வளையும் என்பதற்கான எழுத்துகள். அதிலும் ஒரு கம்பெனியின் ஆர் இன்னொரு கம்பெனியின் எஸ் மாதிரி இருக்கும். அளவுகோல் பொது கிடையாது. உங்கள் வீச்சின் வேகத்தைப் பார்த்து ஷாஃப்ட் எடுக்க வேண்டும். உங்கள் வேகத்துக்கு அதிகம் வளையும் எல் ஷாஃப்ட் கொடுத்தால் தலை பின்தங்கியோ முந்தியோ வரும், பந்து எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியாது.

திரும்பாத கழுத்தில் இது இரண்டு மடங்கு முக்கியம். திருகும் கிளப்பில் ஷாஃப்ட் பிடிக்காவிட்டால் அதே கம்பெனியின் வேறு ஷாஃப்டை ஒரு நிமிஷத்தில் மாட்டிப் பார்க்கலாம். ஒட்டியதில் முதல் நாள் எடுத்ததுதான். அதனால் வாங்கும் முன் அளந்து பார்க்கும் இடமாகத் தேடிப் போங்கள். மலிவு கிளப்பில் மிச்சம் பிடித்ததில் கொஞ்சத்தை இந்த அளவெடுப்புக்குக் கொடுத்தால் அது செலவில்லை. உங்கள் கணவரையும் அளக்கச் சொல்லுங்கள். எல் யாருக்கு என்று அப்போது தெரியும்.

கேள்வி: ரவுண்டின் நடுவில் காற்று திரும்பினால் லாஃப்டை மாற்றிக்கொள்ளலாமே, அது திருகும் கிளப்பின் பெரிய பலம் இல்லையா?

பதில்: ஐயோ, செய்துவிடாதீர்கள். ரவுண்டு ஆரம்பித்த பிறகு வேண்டுமென்றே அமைப்பை மாற்றி அந்தக் கிளப்பால் ஒரு ஷாட் அடித்தால் போட்டியிலிருந்தே நீக்கம். விதி 4.1. அவசரப்பட்டுத் திருகிவிட்டீர்கள் என்றால், அடிப்பதற்கு முன் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள், தண்டனை இல்லை. ஆட்டத்தில் தானாகத் தளர்ந்தால் பழையபடி இறுக்கிக்கொள்ளலாம்.

இறுக்குவது என்றதும் என் பழைய பாவம் ஒன்று ஞாபகம் வருகிறது. அந்தத் திருகுக்கென்று தனிச் சாவி உண்டு. போதுமான இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சத்தம் கொடுத்து வழுக்கிவிடும், அதற்கு மேல் இறுகாது. ஒரு நாள் அது கைக்குக் கிடைக்காமல், சாதாரணச் சாவியால் ஒருவருடைய டிரைவரை இறுக்கினேன். 'டக்' வரவில்லை. வராததால் இன்னும் இறுக்கினேன். திருகின் தலை மழுங்கி, சாவி உள்ளே சும்மா சுற்ற ஆரம்பித்தது. அதைத் துளைபோட்டு வெளியே எடுக்க ஒரு மாலை முழுக்கப் போயிற்று. அந்த மனிதர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கேள்வி: மலிவு வரிசையின் ஐயன் (தட்டைத் தலை இரும்புக் கிளப்) செட் வாங்கினேன். நீள ஐயன்கள் ஓரளவு ஒழுங்காகப் போகின்றன, குறுகிய ஐயன்களெல்லாம் இடப்பக்கமே போகின்றன. நண்பர்கள் 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்கிறார்கள்.

பதில்: சில சமயம் கூடம் நிஜமாகவே கோணலாகத்தான் இருக்கும். நண்பர்களிடம் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

இப்படிச் சோதியுங்கள். பந்தில் தடித்த மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். கோடு செங்குத்தாக நின்று கிளப் முகத்தைப் பார்க்கும்படி பந்தை வைத்து 9 ஐயனால் அடியுங்கள். முகத்தில் கோட்டின் அச்சு விழுந்திருக்கும். நேராக விழுந்தால் கோளாறு உங்களிடம், நண்பர்களிடம் தோற்றுவிட்டீர்கள். சாய்ந்திருந்தால் லை கோணம், அதாவது கிளப்பைத் தரையில் வைக்கும்போது ஷாஃப்ட் சாய்ந்து நிற்கும் கோணம், உங்கள் உயரத்துக்கும் நிற்கும் விதத்துக்கும் பொருந்தவில்லை. ஐந்தாறு பந்து அடித்து, எல்லாம் ஒரே பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். வலதுகைக்காரருக்குக் கிளப் தலையின் நுனி தூக்கி நின்றால் பந்து இடப்பக்கம் போகும், குதிகால் தூக்கினால் வலப்பக்கம். லாஃப்ட் கூடக் கூட இந்த விளைவும் கூடும். நீள ஐயன் ஓரளவு ஒழுங்காகப் போக, குறுகியதெல்லாம் இடப்பக்கம் ஓடுகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே எனக்குச் சந்தேகம் இதன் மேல்தான்.

ஐயனில் திருகு கிடையாதே தவிர கழுத்தை வளைக்கலாம். அதற்கென்று ஒரு பிடிப்பு மேசையும் நீளமான கம்பியும் இருக்கின்றன. அடித்துச் செய்த மென்மையான எஃகு நன்றாக வளையும். வார்த்துச் செய்த கடினமான எஃகு, மலிவு வரிசையில் பெரும்பாலும் அதுதான், ஓரிரு டிகிரி கொடுக்கும். அதற்கு மேல் கேட்டால் ஒடிந்துவிடும். உங்களுக்கு ஓரிரு டிகிரியே போதும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: ஒட்டிய டிரைவரில் ஷாஃப்ட் ஒடிந்தால் கிளப்பையே தூக்கிப் போட வேண்டியதுதானா?

பதில்: யார் சொன்னது? கழுத்தைச் சூடாக்கினால் எபாக்சி இளகும். கழற்றி, உள்ளே சுரண்டி, புது ஷாஃப்டின் முனையை உரசி, ஒட்டி, ஒரு நாள் காயவைத்தால் முடிந்தது. ஒடியாத ஷாஃப்டைக் கழற்றித் திரும்பப் பயன்படுத்த வேண்டுமானால் மட்டும், சூடு மிதமாக இருக்க வேண்டும், முறுக்காமல் நேராக இழுக்க வேண்டும். கிராஃபைட் நார் முறுக்கினால் வெடிக்கும். வீட்டுச் சமையலறையில் செய்து பார்க்க வேண்டாம். அப்படிச் செய்ததை என்னிடம் கொண்டுவந்தவர்கள் உண்டு.

கேள்வி: என் மகளுக்குப் பதின்மூன்று வயது. உயரமும் வேகமும் மாதத்துக்கு மாதம் கூடுகிறது. உங்கள் பேச்சைக் கேட்டு மலிவு டிரைவர் வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம். இவளுக்குத் திருகும் கழுத்துதான். இன்று அவளுக்கு 12 டிகிரி வேண்டும். அடுத்த வருடம் குறையலாம். ஷாஃப்ட் இரண்டு தடவையாவது மாறும். ஒவ்வொரு தடவையும் ஒட்டிப் பிரிக்க என்னைப் போன்ற ஆளைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. பழைய மாடல் ஒன்றை வாங்கி, தலையை அப்படியே வைத்துக்கொண்டு, ஷாஃப்டை மட்டும் வளர வளர மாற்றுங்கள். ஒன்று கவனம்: கம்பெனிக்குக் கம்பெனி உறை வேறு. ஒருவர் உறையோடு தரும் ஷாஃப்ட் இன்னொருவர் தலைக்குள் இறங்காது.

தோள் அறுவை சிகிச்சை முடிந்து திரும்ப ஆட வருகிறவர்களுக்கும் இதே பதில். அப்படி இருவர் எழுதியிருந்தார்கள்.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்கள், உங்கள் பையில் இருப்பது எது?

பதில்: டிரைவர் ஒட்டியதுதான். அடியில் 10.5 என்று அச்சிட்டிருக்கிறது, அளந்தால் 11.3 வந்தது. அச்சிட்ட எண்ணும் உண்மையான லாஃப்டும் இப்படிக் கொஞ்சம் விலகியிருப்பது எல்லா விலையிலும் உண்டு. என் வயதுக்கு அந்த 0.8 தற்செயலாகக் கிடைத்த நன்மை. ஷாஃப்டை மட்டும் இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன்.

ஃபேர்வே வுட்டான 3 வுட் திருகும் கழுத்து. ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. இரண்டு வருடமாக ஒரே குறியில் இருக்கிறது. மாற்றிப் பார்க்கலாம் என்று இந்தக் கடிதங்களைப் படித்தபோது ஆசை வந்தது. சாவியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.